மணிக்குக் காது கேட்காது

எங்கள் வீட்டு நாய்க்கு மணி என்று பெயர் வைத்தது அம்மா. தமிழ்நாட்டில் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர் என்பதால் யாரும் யோசிக்கவில்லை. நாலைந்து நாள் கழித்துத் தம்பிதான் சிரிக்க ஆரம்பித்தான். "செவிட்டு நாய்க்கு மணின்னு பேராம்மா?" அம்மா அசரவில்லை. "கூப்பிடுறது நாமதான. நமக்குக் கேக்குதுல்ல" என்றாள்.

அவன் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. 'அது' என்று எழுதித்தான் பார்த்தேன், கை வரவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அவன், இவன்தான். அப்பத்தா மட்டும் 'அந்தச் சனியன்' என்பாள். அப்பாவையும் அவள் அப்படித்தான் திட்டுவாள் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

நியாயமாகப் பார்த்தால் எங்கள் வீட்டுக்குள் நாயே வந்திருக்கக் கூடாது. அப்பா போஸ்ட்மேன். சாத்தூரைச் சுற்றி முப்பது வருஷத்துக்கு மேல் சைக்கிளில் தபால் கொடுத்தவர். போஸ்ட்மேனுக்கும் நாய்க்கும் உள்ள உறவை நான் விளக்க வேண்டியதில்லை. 1988இல் ஒரு தெருநாய் அவர் கெண்டைக்காலைக் கவ்வியது. கடித்த நாய் அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. இப்போது மாதிரி புஜத்தில் நாலைந்து ஊசியோடு அன்றைக்கு முடியாது. ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்துத் தயாரித்த மருந்து அது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. 2004ஆம் வருஷத்தோடு அந்த மருந்தையே நம் நாட்டில் நிறுத்திவிட்டார்கள். "கடைசி ஊசிக்கு வயித்துல எடம் இல்லாம டாக்டர் தேடுனாரு" என்று அப்பா சொல்வார். சொல்லும்போது வேட்டிக்கு மேல் கை தானாகத் தொப்புளுக்குப் போகும். அன்றையிலிருந்து அவர் சைக்கிள் கேரியரில் தபால் கட்டோடு ஒரு கருவேலங்கம்பும் இருந்தது.

2005இல் தபால் துறை நம் நாட்டு நாய் இனங்களுக்கு நாலு ஸ்டாம்பு வெளியிட்டது. இமயமலை ஆட்டுநாய், ராம்பூர், முதோல், நாலாவதாக எங்கள் பக்கத்து ராஜபாளையம். அப்பா அதில் ராஜபாளையத்தை மட்டும் ஒன்று வாங்கி வந்து அம்மாவிடம் காட்டினார். "பாத்துக்க. கடிச்சவனுக்கு ஸ்டாம்பு, கடிபட்டவனுக்கு ஊசி." அந்த ஸ்டாம்பு எங்கள் குடும்ப ரேஷன் கார்டு உறைக்குள் ரொம்ப நாள் கிடந்தது.

அப்படிப்பட்ட மனிதர் 2011இல், ரிடையர் ஆக ஒரு வருஷம் இருக்கும்போது, ஒரு துணிப்பைக்குள் நாய்க்குட்டியோடு வந்து நின்றார்.

கூட வேலை பார்த்தவரின் சொந்தக்காரர் ஒருவர் ராஜபாளையம் பக்கம் நாய் வளர்த்து விற்பவர். ஏதோ கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் சும்மா பார்க்கப் போயிருக்கிறார்கள். ஏழு குட்டியில் ஆறு விலை போய்விட்டது. ஏழாவது ஒரு சாக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்தது. "இது மட்டும் ஏன் போகல?" என்று அப்பா கேட்டிருக்கிறார். அந்த மனிதர் பதில் சொல்லாமல் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக் குட்டியின் தலைக்குப் பின்னால் கரண்டியால் ஓங்கித் தட்டினாராம். தாய் நாய் எழுந்து நின்றது. அப்பா திடுக்கிட்டுப் போனார். குட்டி தூங்கிக்கொண்டே இருந்தது. "வேணும்னா கொண்டு போங்க. இல்லன்னா..." என்று இழுத்தவர் முடிக்கவில்லை. முடித்திருந்தால் அப்பா கிளம்பியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். முடிக்காமல் விட்டதுதான் அவரை என்னவோ செய்துவிட்டது.

ராஜபாளையம் நாய் என்றால் உடம்பு பால்வெள்ளையாக இருக்க வேண்டும், மூக்கு ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும். அதற்குத்தான் மதிப்பு. இதில் ஒரு கோளாறு இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற செல்களுக்குக் காதின் உள்ளேயும் ஒரு வேலை இருக்கிறது. அங்கே அவை இல்லாமல் போனால், சத்தத்தை வாங்குகிற நுண்ணிய செல்கள் பிறந்த சில வாரங்களுக்குள் பட்டுப்போகும். டால்மேஷியன் நாயில் பல குட்டிகளுக்கும், நீலக் கண் வெள்ளைப் பூனைகளுக்கும் இதே கதைதான். வெள்ளை வேண்டும், இன்னும் வெள்ளை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியவர்கள் செவிட்டையும் சேர்த்தே பொறுக்கிவிட்டார்கள். விலையை ஏற்றிய அதே வெள்ளைதான் மணியை விலை போகாதவனாக ஆக்கியது. இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் நாய் வளர்ப்பவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அந்த ரோஸ் மூக்குக்கு வெயில் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதல் கோடையில் மூக்கு சிவந்து தோல் உரிந்ததைப் பார்த்த அம்மா, தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியமாக மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டாள். அவன் அதை முன்னங்காலால் துடைத்து உடம்பெல்லாம் அப்பிக்கொண்டான். பத்து நாள் எங்கள் வீட்டில் ஒரு மஞ்சள் நாய் இருந்தது. தெருவில் வந்தவர்கள் எல்லாம் நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

சரி, காது கேட்காத நாயை எப்படிக் கூப்பிடுவது? முதல் வாரம் நாங்களும் எல்லோரையும் போலக் கத்தினோம். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். அடுக்களையில் சுண்டல் டப்பா கை தவறிக் கீழே விழுந்தபோது, கூடத்தில் படுத்திருந்தவன் தலையைத் தூக்கியிருக்கிறான். சந்தேகம் வந்து காலால் ஓங்கித் தரையை மிதித்துப் பார்த்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தான். எங்கள் வீட்டுத் தரை சிமெண்டுத் தரை, நன்றாக அதிரும். அன்றிலிருந்து இரண்டு மிதி என்றால் 'இங்கே வா'.

ஒன்று கிடைத்ததும் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்யவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் சாப்பாடு. ஆள்காட்டி விரல் தரையைப் பார்த்தால் உட்கார். அம்மா முந்தானையை உதறினால் அடுக்களையை விட்டு வெளியே போ. கொல்லை மண் தரை, அங்கே மிதி போய்ச் சேராது. அதனால் கொல்லை ட்யூப்லைட்டை அணைத்து அணைத்துப் போடுவோம். பகலில் என்ன செய்வது என்று பார்த்தோம். தம்பி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து வெயிலைத் திருப்பி அவன் முன்னால் ஆட்டுவான். அவன் வெளிச்சத்தைத் துரத்திக்கொண்டே வாசற்படி வரை வந்துவிடுவான். வந்த பிறகுதான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த மாதிரி ஒரு முழி முழிப்பான்.

தூங்கும்போது எழுப்புவதற்குத் தனி முறை. செவிட்டு நாயைத் திடீரென்று தொட்டால் பதறிக் கடித்துவிடும். மணி அப்பாவையே ஒரு தரம் அப்படிக் கவ்வியிருக்கிறான், பல் பதியவில்லை. (அப்பா நேராகப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்துதான் மறுவேலை பார்த்தார். புஜத்தில்தான். அதில் அவருக்கு ஏதோ ஏமாற்றம் மாதிரி எனக்குப் பட்டது.) அதனால் புறங்கையை அவன் மூக்குக்கு ஒரு விரல்கடை தள்ளி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதலில் மூக்கு அசையும். அப்புறம் மீசை முடி. யார் என்று மூக்கு முடிவு செய்த பிறகுதான் கண் திறக்கும். அவசரத்தில் எழுப்ப முடியாத பிராணி. அந்தப் பத்து, பதினைந்து விநாடி நானும் சும்மா இருந்தாக வேண்டும். பரீட்சைக் காலத்தில் விடிகாலை எழுந்ததும் எனக்குக் கிடைத்த அமைதி அது ஒன்றுதான்.

அவன் படுக்கிற இடம் வாசல் நிலைப்படி. குறுக்கே, தாடை படியில் பதியும்படி படுப்பான். இருபத்தெட்டுக் கிலோ நாய் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தால் எப்படி இருக்கும்? உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர் எல்லோரும் காலைத் தூக்கி அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். பொண்ணு பார்க்க வந்தவர்கள்கூட அப்படித் தாண்டித்தான் வந்தார்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அம்மா இன்றைக்கும் நம்புகிறாள். எனக்கு அதில் மணி மேல் நன்றிதான்.

ஏன் அந்த இடம் என்று ரொம்ப நாள் புரியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ரயில் தண்டவாளம் இரண்டு தெரு தள்ளி. ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் படித்துக்கொண்டிருந்தபோது மணி திடுமென்று தாடையைத் தூக்கி வடக்கே பார்த்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ரயில் சத்தம் கேட்டது. மறுநாளும் பார்த்தேன், அப்படியே. நிலைப்படிதான் அவனுக்குக் காது. அப்பாவின் டி.வி.எஸ். ஃபிஃப்டி தெருமுனை திரும்பும்போதே எழுந்து நிற்பான். பால்காரர் சைக்கிளுக்கு எழுந்திருக்க மாட்டான், ஆனால் வாலை மட்டும் ஒரு தரம் தரையில் தட்டுவான். தபால் கொண்டு வருகிற புதுப் பையனைக் கண்டால் மட்டும், ஏனென்று தெரியவில்லை, குரைப்பான். தன் குரல் தனக்கே கேட்காததால் அது நாய் குரைக்கிற மாதிரி இருக்காது. பழைய கதவு திறக்கிற மாதிரி இருக்கும். அப்பா ஓடிப் போய் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்பார், முப்பது வருஷத்துக்கும் சேர்த்து.

அமாவாசைக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. அமாவாசைக்கு அப்பா விரதம். வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும் நெய்யும் வைத்துக் கொல்லைச் சுவரில் வைத்து "கா, கா" என்று கூப்பிடுவார். காக்கா வருவதற்குள் மணி வந்துவிடுவான். பின்னங்காலில் எம்பி, முன்னங்காலைச் சுவரில் வைத்து, ஒரே நக்கு. நாங்கள் நாலு பேரும் "ஏய், ஏய்" என்று கத்துவோம். யாருக்கு? "செத்தவங்களுக்கு வச்சத நாய் திங்குதே, தாத்தா எப்பிடி வருவாரு" என்று அப்பத்தா தலையில் அடித்துக்கொள்வாள். அப்பா உள்ளே போய் இன்னொரு இலை போட்டுக்கொண்டு வருவார். கடைசியில் அம்மா முதலிலேயே இரண்டு இலை போட ஆரம்பித்துவிட்டாள். 2016இல் அப்பத்தா போன பிறகு வந்த முதல் அமாவாசைக்கும் மணிதான் முந்திக்கொண்டான். அன்றைக்கு யாரும் கத்தவில்லை.

பட்டாசு எங்கள் பக்கத்து ஊர்த்தொழில். சிவகாசி கூப்பிடு தூரம், சாத்தூரைச் சுற்றியும் ஆலைகள்தான். தீபாவளி வந்தால் தெருநாய்கள் பாடு சொல்ல முடியாது. முதல் நாளே வைப்பாற்று மணலுக்குள் போய் ஒளிந்துவிடுகிறவையும் உண்டு. எங்கள் தெருவில் செவலை என்று ஒரு பெட்டை. யாரையும் கிட்டே அண்டவிடாத நாய். மணிக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஒரு தீபாவளி ராத்திரி, பத்தாயிரம் வாலாச் சரம் ஒன்று தெருவில் வெடித்துக்கொண்டிருக்கிறது. மணி நிலைப்படியில் உட்கார்ந்து புஸ்வாணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அது சத்தமில்லாத பூ. நடுங்கிக்கொண்டே ஓடி வந்த செவலை, அவனைத் தாண்ட முடியாமல், அவனுக்கும் கதவுக்கும் நடுவில் உடம்பை நுழைத்துக்கொண்டு படுத்துவிட்டது. அதன் உடம்பு உதறுகிற உதறலில் கதவுத் தாழ்ப்பாள் கடகடவென்று ஆடியது. மணி குனிந்து அதை மோந்து பார்த்தான். திரும்பத் தெருவைப் பார்த்தான். எதற்கு இது இப்படி நடுங்குகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஆனால் எழுந்து போகவில்லை. சரம் முடிந்து, கடைசி வீட்டுக்காரன் வைத்த அணுகுண்டும் முடிகிற வரைக்கும் அப்படியே இருந்தான். விடிந்ததும் செவலை போய்விட்டது. மறுபடி பார்த்தால் உறுமல்தான். அடுத்த தீபாவளிக்கு மட்டும் சொல்லி வைத்த மாதிரி வந்தது.

ஒரே ஒரு தரம் அவன் தொலைந்து போனான். வைப்பாறு வருஷத்தில் பாதிக்கு மேல் மணல்தான். அப்பா சாயங்காலம் அங்கே கூட்டிப் போவார். நீளக் கயிறு ஒன்று கட்டியிருப்பார். மணலில் மிதி கேட்காது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்குக் கயிற்று முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ஆட்டுக்கிடை ஒன்றைக் கண்டவன் பாய்ந்தான். காட்டுப்பன்றி வேட்டைக்கென்று வளர்த்த சாதி. அந்த ஓட்டத்தைச் சைக்கிளில் போய்க்கூடப் பிடிக்க முடியாது. சீமைக்கருவேலப் புதருக்குள் போனவன் போனவன்தான்.

பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத ஒன்றைத் தேடுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இருட்டிவிட்டது. தம்பி பாலத்துப் பக்கம், நானும் அப்பாவும் ஆற்றுக்குள். அம்மா கேட்கவே கேட்காதென்று தெரிந்தும் கரையில் நின்று "மணி, மணி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ஒன்றும் பேசாமல் மூன்று கட்டை டார்ச்சை வானத்தைப் பார்த்துப் பிடித்து, அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டே நடந்தார். கொல்லை ட்யூப்லைட்டின் அதே கணக்கு. மணி பதினொன்று இருக்கும். எதிர்க்கரையில் ஒரு வெள்ளை அசைந்தது. உடம்பெல்லாம் முள்ளோடு, நாக்கு தொங்க, ஒன்றும் நடக்காத மாதிரி நடந்து வந்து அப்பா காலடியில் படுத்தான். அந்த வெள்ளையால் ஆன ஒரே உபகாரம் அன்றைக்குத்தான். அப்பா மணலில் உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினார். "தாயி, லைட்ட நல்லாப் பிடி" என்றார் என்னிடம். குரல் சரியில்லை.

அப்புறம் நான் வேலைக்குக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். கூட வேலை பார்க்கிறவர்கள் வீட்டு நாயோடு போனில் பேசுவார்கள். அந்தப் பக்கம் அது குரல் கேட்டுக் குதிக்கும். எனக்கு அந்த வசதி இல்லை. வீடியோ காலில் அம்மா போனை அவன் முகத்துக்கு நேராகக் காட்டுவாள். அவன் போனுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பான், அல்லது கொட்டாவி விடுவான். வாசனை இல்லாத, அதிராத எதுவும் அவனுக்கு ஆள் இல்லை. நான் என்பது அந்த வீட்டுக்குள் நேரில் இருந்தால்தான் உண்டு. ஒவ்வொரு தரமும் கிளம்பும்போது, துவைக்காத துண்டு ஒன்றை நிலைப்படிப் பக்கம் போட்டுவிட்டு வருவேன். அம்மா திட்டிக்கொண்டேதான் விட்டு வைப்பாள்.

2023 ஐப்பசி வாக்கில் தண்ணீர் நிறையக் குடிக்கிறான் என்று அம்மா சொன்னாள். வெயில் என்று நினைத்தோம். பிறகு மெலிந்தான். பிறகு வாயில் ஒரு நாற்றம், பழைய மூத்திரச் சந்து மாதிரி. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியேட்டினின் 6.8. ஒன்றரைக்குள் இருக்க வேண்டியது. கிட்னி நாலில் மூன்று பங்கு கெட்ட பிறகுதான் ரத்தத்தில் இந்த எண் ஏறுமாம். அதுவரைக்கும் மிச்சம் இருக்கிற பங்கு சத்தம் காட்டாமல் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருக்கும். மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையானவர், எல்லாம் விளக்கிச் சொன்னார். போன கிட்னி போனதுதான், மிச்சத்தைக் கொஞ்ச நாள் ஓட்டலாம். உப்பு கூடாது என்றார்.

அப்பா உடனே கேட்டார்: "சேவு குடுத்தேன் சார். அதனாலயா?"

சாத்தூர்க்காரர்களுக்குச் சேவு என்றால் என்ன என்று சொல்ல வேண்டாம். தினமும் சாயங்காலம் டீயோடு ஒரு கை காராச்சேவு. அதில் ரெண்டு துண்டு மணிக்கு. பன்னிரண்டு வருஷப் பழக்கம். "வயசுங்க, இந்த சைஸ் நாய்க்குப் பன்னெண்டு வயசே ஜாஸ்தி. ரெண்டு சேவெல்லாம் காரணம் இல்ல" என்று டாக்டர் சொன்னார். அப்பா தலையாட்டினார். ஆனால் அன்றையிலிருந்து அவர் சேவு சாப்பிடுவதில்லை. யாரும் அதைப் பற்றி அவரிடம் கேட்டதும் இல்லை.

மூன்று மாதம் வீட்டிலேயே குளுக்கோஸ் ஏற்றினோம். குளுக்கோஸ் என்று நாங்கள் சொன்னதே தவிர, அது ரிங்கர் லாக்டேட். நரம்பில் ஏற்ற வேண்டியதில்லை. தோள்பட்டைக்கு மேலே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, அதற்குள் ஊசியைக் குத்தி, பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட வேண்டும். முந்நூறு மில்லி இறங்கி முடித்ததும் முதுகில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு வீக்கம் நிற்கும். ராத்திரிக்குள் அது மெல்ல வழிந்து முன்னங்கால் பக்கம் இறங்கி வற்றிவிடும். ஊசி என்றாலே தொப்புளைத் தொட்டுப் பார்க்கிற அப்பாதான் தினமும் குத்தினார். குத்துவதற்கு முன் புறங்கையை மூக்கிடம் வைப்பார். மணி மோந்துவிட்டுக் கண்ணைத் திறப்பான், மூடிக்கொள்வான். அதுதான் அனுமதி.

தை பிறந்து கொஞ்ச நாளில் சாப்பாடு நின்றது. இருபத்தெட்டுக் கிலோ பத்தொன்பதாகிவிட்டது. டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஊசி போட்டு அனுப்பிவிடலாம், வலி தெரியாது, தூங்குகிற மாதிரி போய்விடுவான் என்றார். அப்பா "ரெண்டு நாள் குடுங்க சார்" என்றார். எனக்குப் போன் வந்தது. ராத்திரி பஸ் பிடித்தேன்.

அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. அந்த இரண்டு நாளில் அவனுக்கு இரண்டு தடவை வலிப்பு வந்தது. வாயெல்லாம் புண். தண்ணீரைக்கூடக் கக்கினான். நாங்கள் சுற்றி உட்கார்ந்து தடவிக் கொடுத்தோம், அழுதோம், படம் எடுத்தோம். அந்த இரண்டு நாளும் எங்களுக்காகத்தான் வாங்கினது. அவன் கேட்கவில்லை. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். நான் அங்கே இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். என்னை எதிர்பார்த்துத்தான் அவர் கேட்டார் என்பதும் எனக்குத் தெரியும். 'இயற்கையாப் போகட்டும்' என்று சொல்வது நம் வாய்க்குச் சுலபம். கிட்னி போய்ச் சாவதில் இயற்கை எவ்வளவு மெதுவாக வேலை செய்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு அந்த வார்த்தையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது விடிகாலை. பழக்கத்தில் வாசலிலேயே இரண்டு மிதி மிதித்தேன். நிலைப்படி காலியாக இருந்தது. கூடத்தில் சாக்கு விரித்துப் போட்டிருந்தார்கள். தலை எழவில்லை. புறங்கையைக் கொண்டுபோய் வைத்தேன். காய்ந்து வெடித்த மூக்கு. ரொம்ப நேரம் ஆனது. அப்புறம் ஒரு பக்கத் துவாரம் மட்டும் லேசாக விரிந்தது.

மறுநாள் ராத்திரி அம்மா தூங்கிவிட்டாள். தம்பி திண்ணையில். அப்பா கட்டிலில் இருந்து இறங்கித் தரையில் அவன் பக்கத்திலேயே படுத்திருந்தார். நான் சுவரில் சாய்ந்து கண் அசந்திருக்கிறேன். விழித்துப் பார்த்தபோது ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் அப்பா புறங்கையை மணியின் மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுப்பும்போது வைக்கிற அதே தூரம், ஒரு விரல்கடை. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கடிகாரம் மூன்றே கால் காட்டியது. நானும் பேசவில்லை. அவர் கையை எடுக்கவும் இல்லை. தண்டவாளத்தில் ஏதோ வண்டி போனது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரயிலுக்கும் எந்திரிக்கல தாயி" என்றார்.

கரிசல் மண்ணில் தை மாதம் குழி தோண்டுவது கொஞ்சம் சுலபம். மழை ஈரம் அடியில் இன்னும் இருக்கும். சித்திரையாக இருந்தால் கடப்பாரை எகிறும். ஊருக்கு வெளியே எங்களுக்கு இருக்கிற கொஞ்ச நிலத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில் தோண்டினோம். தம்பி இடுப்பு மட்டம் போதும் என்றான். அப்பா நெஞ்சு மட்டம் வரைக்கும் இறங்கினார். ரெண்டு மூட்டை கல்லுப்பு. கடைசியாக என் துண்டு. பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "நாய்க்கா இவ்வளவும்?" என்றார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். அப்பா "ஆமா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வீட்டுக்கு வந்து எல்லோரும் குளித்தோம். ஒரு நாய்க்குத் தீட்டு உண்டா என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அம்மா அன்றைக்கு அடுப்பு பற்ற வைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தை அமாவாசை. அப்பா விரதம். அம்மா பழக்கத்தில் இரண்டு இலை போட்டுவிட்டாள். போட்ட பிறகு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். எடுத்து வைக்கவும் இல்லை. அப்பா இரண்டையும் கொண்டுபோய்ச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். காக்காய்கள் வந்தன. அவசரமே இல்லாமல், சண்டை போடாமல், இரண்டு இலையையும் சுத்தமாகத் தின்றுவிட்டுப் போயின. எனக்கு அவற்றின் மேல் வந்த எரிச்சலுக்கு ஒரு நியாயமும் கிடையாது.

வெள்ளை முடி மட்டும் இன்னும் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. சின்ன முடி, ஊசி மாதிரி குத்தி நிற்கும். கயிற்றுக் கட்டில் முடிச்சுகளுக்குள், அப்பாவின் பழைய காக்கிப் பேண்ட் மடிப்பில், எப்போதோ நான் கோயம்புத்தூருக்கு எடுத்து வந்த போர்வையில். போன வாரம்கூட ஒன்று.

வேறு நாய் வாங்கித் தரட்டுமா என்று தம்பி கேட்டுப் பார்த்தான். "காது கேக்குற நாய வச்சு நாங்க என்னடா செய்ய? அதுகிட்டப் பேசத் தெரியாது எங்களுக்கு" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்து மூன்று. இரண்டு வருஷமாக டி.வி. சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன், டப்பாவோடு பீரோவில் இருக்கிறது, ரேஷன் கார்டு உறைக்குப் பக்கத்தில். போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். இருட்டும் நேரம். அப்பா கொல்லையில் முருங்கைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அம்மா அடுக்களையில் இருந்து "இந்தாங்க, இந்தாங்க" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். பதில் இல்லை. அவள் அலட்டிக்கொள்ளாமல் கையை நீட்டிக் கொல்லை ட்யூப்லைட் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டாள். அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். குழாயை மூடினார். காலைக் கழுவிக்கொண்டு சுற்றி வாசல் பக்கமாக வந்தார். நிலைப்படியில் ஒன்றும் இல்லை. காலைத் தூக்கி, தாண்டி, உள்ளே வைத்தார்.

"சாப்பாடா?" என்றார்.

அம்மா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.